கேள்வி நேரம்: எட்டாத மெஷினின் திரையை எட்டிப் பார்க்க

கேள்வி: லினக்ஸ் சர்வர் ஒன்றில் கேவிஎம் (ஒரே சர்வரில் பல மெஷின்களை ஓட்டும் லினக்ஸ் வசதி) மூலம் சில விர்ச்சுவல் மெஷின்கள் ஓடுகின்றன. ஒன்றில் ஐபி முகவரியைத் தப்பாக மாற்றிவிட்டேன். இப்போது எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக அதற்குள் போக முடியவில்லை. லேப்டாப்பிலிருந்து விஎன்சி (திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் முறை) போட்டால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்கிறது. விஎன்சி இணைப்புக்காகக் காத்திருக்கும் 'லிசன்' முகவரியை 0.0.0.0 ஆக்கினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: நண்பர் சொல்வது வேலை செய்யும். ஆனாலும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

முதலில் ஒன்று: மெஷினின் நெட்வொர்க் போனாலும் திரை போகவில்லை. அந்தத் திரையை அனுப்புவது உள்ளே ஓடும் லினக்ஸ் இல்லை, வெளியே சர்வரில் அந்த மெஷினை ஓட்டும் கியூஎமு என்ற மென்பொருள். அதனால்தான் பயாஸ், ஸ்டார்ட் ஆகும்போது வரும் கிரப் மெனு, லினக்ஸே முடங்கிப்போகும் கெர்னல் பேனிக் வரை எல்லாமே அதில் தெரிகிறது. உள்ளே நிறுவிய ரிமோட் டெஸ்க்டாப்பில் இதெல்லாம் கிடைக்காது.

நான் பயப்படுவதும் இதற்காகத்தான். இந்தத் திரை, அதாவது கன்சோல், கையில் கிடைத்தவர் அந்த மெஷினுக்கு முன்னால் கீபோர்டோடு உட்கார்ந்திருப்பவருக்குச் சமம். ரீபூட் செய்து, கிரப் மெனுவில் ஒரு வரியைத் திருத்தி, ரூட் பாஸ்வேர்டையே மாற்றிவிடலாம். 0.0.0.0 என்றால் சர்வரின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் அந்தக் கதவு திறந்திருக்கும். பாஸ்வேர்டு வைக்கிறேன் என்பீர்கள். விஎன்சியின் பழைய பாஸ்வேர்டு முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே பார்க்கும். அது போக, உள்ளே போனபின் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் குறியாக்கம் இல்லாமல்தான் கம்பியில் போகும். மெஷின்களை நிர்வகிக்கும் லிப்விர்ட், அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய 127.0.0.1 என்ற முகவரியை வைத்திருப்பது காரணத்தோடுதான், அதை அப்படியே விடுங்கள்.

சரி, வழி என்ன? சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் போக முடிகிறதல்லவா, அதுவே போதும். சர்வரில் 'விர்ஷ் விஎன்சிடிஸ்ப்ளே' கட்டளையோடு மெஷினின் பெயரைக் கொடுங்கள். 127.0.0.1:1 என்று வந்தால் போர்ட் 5901, கடைசியில் 0 என்றால் 5900. மெஷின்கள் ஸ்டார்ட் ஆகும் வரிசையைப் பொறுத்து இந்த எண் மாறலாம், எனவே ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் லேப்டாப்பில் எஸ்எஸ்ஹெச் கட்டளைக்கு மைனஸ் எல் ஆப்ஷனில் 5910:127.0.0.1:5901 என்று கொடுத்து சர்வரில் லாகின் செய்யுங்கள். லேப்டாப்பின் 5910 போர்ட்டிலிருந்து சர்வரின் 5901 போர்ட்டுக்கு ஒரு எஸ்எஸ்ஹெச் சுரங்கம் போட்டாயிற்று. பலர் குழம்புவது இங்கேதான். இந்தக் கட்டளையில் வரும் 127.0.0.1 சர்வருடையது, லேப்டாப்புடையது அல்ல. அந்த டெர்மினலை மூடாமல், விஎன்சி வியூவரில் 127.0.0.1, போர்ட் 5910 என்று கொடுங்கள். இந்த 127.0.0.1 லேப்டாப்புடையது. திரை வந்துவிடும்.

லேப்டாப்பிலும் லினக்ஸ் என்றால் இவ்வளவும் வேண்டாம். விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரில் 'ஆட் கனெக்‌ஷன்' போய், எஸ்எஸ்ஹெச் வழியாக என்பதை டிக் செய்து, சர்வர் பெயரைக் கொடுத்தால் சுரங்கத்தை அதுவே போட்டுக்கொள்ளும்.

திரை கறுப்பாக இருந்தால் பதற வேண்டாம், ஷிஃப்ட் கீயை ஒருமுறை தட்டுங்கள். பெரும்பாலும் திரை அணைந்திருக்கும், அவ்வளவுதான். மவுஸ் அம்பு ஒரு பக்கம், கிளிக் ஒரு பக்கம் என்று விலகினால் மெஷினில் 'யுஎஸ்பி டேப்லெட்' சாதனம் இல்லை என்று அர்த்தம், சேர்த்துவிடுங்கள். லாகின் பாஸ்வேர்டு திரும்பத் திரும்பத் தப்பு என்று வந்தால், பெயர் கேட்கும் இடத்தில் அதன் சிறப்புக் குறிகளைத் தட்டிப் பாருங்கள். கீபோர்ட் லேஅவுட் மாறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

ஐபியைச் சரிசெய்ததும், கையோடு மெஷினில் சீரியல் கன்சோலையும் (எழுத்து மட்டும் வரும் கன்சோல்) இயக்கி வையுங்கள். அடுத்த முறை படமே தேவைப்படாது, சர்வரிலிருந்து 'விர்ஷ் கன்சோல்' போட்டால் எழுத்து வடிவிலேயே உள்ளே போய்விடலாம்.