எடை தூக்குவது பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

எடைப் பயிற்சி பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். எக்கச்சக்கமாக வந்துவிட்டன. அதில் பாதி ஒரே கேள்விதான், சிக்ஸ் பேக் எத்தனை நாளில் வரும் என்று. அதை ஓரமாக வைத்துவிட்டு மற்றதற்குப் பதில் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. 19 வருடமாகத் தூக்குகிறேன், 11 வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அதிலும் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு. அதனால் என் பதில்களில் கைத்தசையைவிட முழங்காலும் முதுகும்தான் அதிகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: எனக்கு 62 வயது. தினமும் நடக்கிறேன். இந்த வயதில் எடை வேறு தூக்க வேண்டுமா? மகள் போகச் சொல்லி உயிரை எடுக்கிறாள்.

ப: மகள் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. நடப்பதை விட வேண்டாம், இதயத்துக்கு அது நல்லது. ஆனால் முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைந்துகொண்டே போகும், அறுபதுக்கு மேல் அது இன்னும் வேகமாகும். நடை அதை நிறுத்தாது. உங்கள் உடம்பைச் சுமந்து நடப்பது தொடைக்கு எப்போதோ பழகிப்போன வேலை, அதற்காக அது புதிதாக வலுப்பெற வேண்டிய அவசியமே இல்லை.

"இந்த வயதில்" என்றீர்களே, 1990-ல் அமெரிக்காவில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரை எடுத்துக்கொண்டு 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். சும்மா கையைக் காலை ஆட்டுகிற பயிற்சி இல்லை. அவரவர் ஒரே ஒருமுறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 80 சதவீதம் வரை கொண்டுபோனார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது, ஒரு காலின் குதியை மறு காலின் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கிற வேகம் கிட்டத்தட்ட பாதியளவு கூடியது. தொண்ணூறில் தசை கேட்கிறது என்றால் அறுபத்திரண்டில் கேட்காதா?

என்னிடம் 68 வயதில் ஒருவர் வந்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடிக்காமல் அவரால் எழ முடியாது. முதல் மாதம் இரும்பையே தொடவில்லை. நாற்காலிமேல் இரண்டு தடித்த பாயை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டினோம், கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும், ஐந்து தடவை, ஓய்வு, மறுபடி ஐந்து. மூன்றாம் வாரம் ஒரு பாயை எடுத்தேன், அப்புறம் இன்னொன்றை. அதன் பிறகுதான் 4 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுவது. ஒருநாள் சாவிக்கொத்தைக் கீழே போட்டார், குனிந்து எடுத்தார், நிமிர்ந்து கதவு வரை போய்விட்டுத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். எதையும் பிடிக்காமல் எழுந்தது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. எனக்கு அதுதான் எடைப் பயிற்சி. மேடையில் எண்ணெய் பூசிக்கொண்டு நிற்பது வேறு கதை.

கே: மனசுக்கும் நல்லது என்கிறார்களே, உண்மையா, இல்லை ஜிம் வியாபாரமா? நான் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ப: உண்மைதான். 2018-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில் 33 பரிசோதனைகளை, ஏறக்குறைய 1,900 பேர், ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எடைப் பயிற்சி செய்தவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தெளிவாகவே குறைந்திருந்தன. எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று: வலிமை எவ்வளவு கூடியது என்பதற்கும் மனசு எவ்வளவு தேறியது என்பதற்கும் தொடர்பு இல்லை. அதாவது பெரிதாகத் தூக்கினால்தான் பலன் என்று இல்லை, போய்ச் செய்தாலே போதும்.

மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இது அதற்குப் பதில் இல்லை, அதனோடு சேர்த்துச் செய்வது. கொடுத்த மருத்துவரிடம் ஜிம்முக்குப் போவதையும் சொல்லிவிடுங்கள்.

என் அனுபவத்தைக் கேட்டால், அப்பா இறந்த வருடம் எனக்கு ராத்திரி தூக்கமே கிடையாது. மண்டைக்குள் ஒரே பேச்சு, நான் அன்றைக்கு அப்படிச் செய்திருந்தால், இப்படிச் செய்திருந்தால் என்று. தோளில் எடை மாட்டிய கம்பியை ஏற்றிக்கொண்டு குத்துக்காலிட்டுக் கீழே போகிற அந்த நாலு விநாடி மட்டும் அந்தப் பேச்சு நின்றுவிடும், ஏனென்றால் முதுகில் 80 கிலோ இருக்கும்போது வேறு எதையும் யோசிக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் இப்படி எல்லாம் சேர்த்து ஐந்தாறு நிமிடம் அமைதி. அப்போது எனக்கு அது பெரிய தொகை. அப்புறம் நோட்டில் ஓர் எண்ணை எழுதுவேன். போன வாரம் 77.5, இந்த வாரம் 80. வாழ்க்கையில் வேறு எதுவும் முன்னே நகராதபோது அந்த ஒரு எண் நகர்ந்தது.

போகவே பிடிக்காத நாட்கள் வரும். அன்றைக்கு வார்ம்-அப் மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம் என்று உங்களுக்கு நீங்களே அனுமதி கொடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பத்தில் எட்டு தடவை முழுதாகச் செய்துவிட்டுத்தான் வருவீர்கள், மீதி இரண்டு தடவை திரும்பி வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

கே: பெண்கள் எடை தூக்கினால் ஆண் மாதிரி உடம்பு முறுக்கேறிவிடாதா?

ப: ஏறாது. ஆண்களின் உடம்பில் தசையை வளர்க்கிற டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்களைவிடப் பதினைந்து மடங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவு இருந்தும் நம் பையன்கள் வருடக்கணக்கில் தூக்கிவிட்டு டி-ஷர்ட் கையை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியாத்தனமாக யாருக்கும் தசை வந்துவிடுவதில்லை.

கே: மாதவிடாய் நின்று நாலு வருடம் ஆகிறது. எலும்பு அடர்த்தி குறைவு என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. கனமானதைத் தூக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ப: சரியான ஆள் பக்கத்தில் நின்றால் தூக்குங்கள் என்பேன். எலும்பு கல் மாதிரி செத்த பொருள் இல்லை. சுமை விழுகிற இடத்தில் கட்டும், சுமையே இல்லாத இடத்தில் கரையும். ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே இதை எழுதிவைத்தார். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பாதியினர் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், 8 மாதம், டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் கம்பியைக் குனிந்து எடுத்து நிமிர்வது), ஸ்குவாட் (தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் தூக்குவது என்று நிஜமாகவே கனமாகச் செய்தார்கள். அவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. மற்றவர்கள் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள், அவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது.

ஆனால் அந்தப் பெண்கள் முதல் நாளே கனத்தைத் தொடவில்லை, பயிற்சி முழுக்கச் சொல்லிக்கொடுக்கிற ஆள் கூடவே நின்றார். ஏற்கெனவே எலும்பு முறிந்திருந்தால், முதுகில் திடீர் வலி இருந்தால், முதலில் மருத்துவர், அப்புறம்தான் கம்பி.

கே: தசை கூடினால் சும்மா உட்கார்ந்திருந்தாலே கொழுப்பு கரையுமாமே?

ப: இதைக் கிளப்பிவிட்டவர் யார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி. ஒரு வருடம் உயிரைக் கொடுத்து 3 கிலோ ஏற்றினாலும் நாளுக்கு 40 கலோரி, அதாவது இரண்டு வாய் சாப்பாடு. எடையைக் குறைப்பது தட்டில் நடக்கிற வேலை. ஆனால் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும், எடைப் பயிற்சி அந்தத் தசையைப் பிடித்துவைக்கும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இதில் நிஜமான லாபம் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். வேலை செய்கிற தசை இன்சுலினுக்காகக் காத்திருக்காமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் இதனாலேயே கவனமாக இருக்க வேண்டும், பயிற்சி நாளில் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும்.

கே: அண்ணா, எனக்கு 15 வயசு. தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று அப்பா விடமாட்டேன் என்கிறார்.

ப: நிற்காது தம்பி. முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் உன் வயதில் செய்யலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்கிறது. அப்பா பயப்படுவது எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டுக்காக. அது அடிபடுவது பெரும்பாலும் தப்பான முறையில், யாரும் பார்க்காதபோது, நண்பனோடு பந்தயம் கட்டித் தூக்குவதால். அதனால் உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன், "அதிகபட்சம் எவ்வளவு தூக்குவேன்" என்று இப்போது பார்க்காதே. பத்துப் பன்னிரண்டு தடவை சுத்தமாகத் தூக்க முடிகிற எடையோடு இரு. முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.

கே: முதல் நாள் ஜிம் போய்வந்து இரண்டாம் நாள் படி இறங்க முடியவில்லை. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்கிறார் நண்பர்.

ப: லாக்டிக் அமிலம் பாவம், அது ஒரு மணி நேரத்துக்குள் கலைந்துவிடும். பழகாத வேலையில் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, அது சரியாகும்போது வருகிற வலி இது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும். அடுத்த தடவை பாதிகூட வலிக்காது. லேசாக நடங்கள். ஆனால் வலி தாங்க முடியாமல், தசை வீங்கி, சிறுநீர் அடர்பழுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், சிதைந்த தசை சிறுநீரகத்தைப் பதம்பார்க்கிற நிலை அது. அரிது, ஆனால் முதல் நாளே வீரத்தைக் காட்டுகிற ஆட்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது.

கே: பிபி இருக்கிறது. தூக்கலாமா?

ப: மாத்திரையால் கட்டுக்குள் இருந்தால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, தூக்கலாம். மாதக்கணக்கில் செய்தால் ஓய்வில் இருக்கும் அழுத்தம் கொஞ்சம் இறங்கவும் செய்யும். சிக்கல் தூக்குகிற அந்த நொடியில்தான். 1985-ல் உடற்கட்டு வீரர்களின் கைத் தமனிக்குள் குழாய் செருகி, அவர்கள் காலால் பெரும் எடையைத் தள்ளும்போது அளந்து பார்த்தார்கள், சராசரியாக 320/250 வரை போனது! மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவதும் இதற்கு ஒரு காரணம். அதனால் நீங்கள் மூச்சை அடக்காதீர்கள், எடை மேலே போகும்போது வாய்வழியாக விடுங்கள், இனி முடியாது என்கிற கட்டம் வரை போகாமல் இரண்டு மூன்று ரெப் (தடவை) மிச்சம் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.

கே: டெட்லிஃப்ட் முதுகை ஒடித்துவிடும் என்கிறார்கள். நீங்கள் அடிபட்டதே இல்லையா?

ப: பட்டிருக்கிறேன், 27 வயதில். அப்போது என்னால் தூக்க முடிந்தது 125 கிலோ. அன்றைக்கு ஜிம்மில் கூட்டம், பக்கத்தில் ஒருவன் 140 எடுத்தான், எனக்கும் அதே ப்ளேட்டை மாட்டச் சொன்னேன். ட்ரெய்னர் தடுக்கவில்லை, "விடாதே, விடாதே" என்று கத்திக்கொண்டிருந்தார். கம்பி முழங்காலை எட்டியபோது முதுகு வளைந்தது, இடுப்புக்கு மேலே யாரோ நனைந்த கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது. மூன்று வாரம் சாக்ஸ் போட அம்மாவைக் கூப்பிட்டேன்.

டெட்லிஃப்ட்மேல் தப்பில்லை. ஒரே நாளில் 15 கிலோ தாண்டியதுதான் தப்பு. இப்போது என் பையில் 1.25 கிலோ ப்ளேட் ஒரு ஜோடி எப்போதும் இருக்கும், வாரத்துக்கு 2.5 ஏறினால் போதும். கம்பி முழங்காலுக்குக் கீழே எலும்பை உரசிக்கொண்டே மேலே வரட்டும், முன்னால் விலகினால் அந்தப் பாரம் முழுக்க இடுப்புக்கு வந்துவிடும்.

கே: வாரத்துக்கு எத்தனை நாள்? எவ்வளவு எடை?

ப: உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் குறைந்தது இரண்டு நாள், பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும். உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது என்று ஐந்தும் இருந்தால் சரி. ஒவ்வொரு செட்டிலும் (இறக்கி ஓய்வெடுக்கும் வரை செய்கிற ஒரு சுற்றிலும்) கடைசி இரண்டு ரெப் தானாகவே மெதுவாக வேண்டும். அந்தக் கட்டம் வரை போனால் லேசான எடையிலும் தசை வளரும். வலிமை வேண்டும் என்றால் மட்டும் கனம் கட்டாயம். ஜிம் இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய கேன் போதும்.

கே: புரோட்டீன் பவுடர்?

ப: உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். சாப்பாட்டிலேயே வந்துவிட்டால் டப்பா எதற்கு? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கே: எத்தனை நாளில் தெரியும்?

ப: இரண்டு மூன்று வாரத்தில் நீங்கள் தூக்குகிற எடை ஏறும், அது தசை வளர்ந்ததால் இல்லை, இருக்கிற தசையை ஒன்றாக இழுக்க நரம்பு கற்றுக்கொள்வதால். கண்ணாடியில் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். சிக்ஸ் பேக் ஆட்களும் இதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: கை காய்த்துப்போய் தோல் உரிகிறது. கிளவுஸ் வாங்கட்டுமா?

ப: வேண்டாம், கம்பி தடித்துப்போய் பிடி நழுவும். உள்ளங்கை நடுவில் பிடிக்காதீர்கள், விரல்கள் கையோடு சேருகிற மடிப்பில் கம்பியை வையுங்கள், தோல் நடுவில் சிக்கி மடங்காது. குளித்து முடித்துத் தோல் ஊறியிருக்கும்போது காய்ப்பைத் தேய்கல்லால் லேசாகத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். முழுவதும் எடுத்துவிட வேண்டாம், கொஞ்சம் இருக்கட்டும், அடுத்த செட்டுக்கு வேண்டும்.