ஏ549 செல்: மைக்ரோ ஆர்என்ஏ-21 குறைந்தும் கதிர்வீச்சைத் தாங்குவது ஏன்?

ஏ549 என்ற நுரையீரல் புற்றுநோய் செல்லில், புரத உற்பத்தியை அடக்கும் சிறு ஆர்என்ஏவான மைக்ரோ ஆர்என்ஏ-21-ஐ இன்ஹிபிட்டர் (தடுப்பான்) கொண்டு குறைத்தும், செல்கள் கதிரைத் தாங்கிவிட்டன என்கிறீர்கள். கியூபிசிஆரில் (ஆர்என்ஏ அளவை அளக்கும் சோதனை) 80 சதவீதம் குறைந்ததாலேயே மைக்ரோ ஆர்என்ஏ-21 செயலிழந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். இன்ஹிபிட்டர் பெரும்பாலும் அதை அழிப்பதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆர்என்ஏ எடுக்கும்போது கூடவே வரும் மிச்ச இன்ஹிபிட்டர் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனை (அளப்பதற்கு முன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் படி) தடுத்துப் பொய்க் குறைவைக் காட்டும்.

டிரான்ஸ்ஃபெக்‌ஷன் (இன்ஹிபிட்டரைச் செல்லுக்குள் செலுத்துவது) ஆகி 48 மணி நேரத்தில் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைக் காட்டும் சோதனை), மைக்ரோ ஆர்என்ஏ-21 அடக்கும் புரதங்களான பிடென், பிடிசிடி4 இரண்டையும் பாருங்கள். ஏறவில்லையா? கோளாறு பெரும்பாலும் டிரான்ஸ்ஃபெக்‌ஷனில்தான்.

ஏறியிருந்தால் நேரத்தைச் சந்தேகியுங்கள். நீங்கள் 5ஆம் நாள் கதிர் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குள் செல் பிரியப் பிரிய இன்ஹிபிட்டர் நீர்த்துப்போயிருக்கும். 48 மணி நேரத்துக்குள் 2, 4, 6 கிரே (கதிர் அளவின் அலகு) கொடுத்து, 50 செல்லாவது உள்ள காலனிகளை (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டங்கள்) மட்டும் எண்ணுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இன்ஹிபிட்டர் தனியாகவே காலனிகளைக் குறைக்கக்கூடும். ஒவ்வொரு குழுவையும் அதனதன் 0 கிரே (கதிர் கொடுக்காத) தட்டோடு ஒப்பிடாவிட்டால், இல்லாத கதிர் உணர்திறன் இருப்பதுபோல் தெரியும்.