குடியை நிறுத்திய பிறகு காலைப் பிரார்த்தனையும் தியானமும் ஒரு வாரம்கூட நிற்க மாட்டேன் என்கிறது. விடாமல் தொடர என்ன வழி?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: மறுவாழ்வு மையத்தில் இருந்த ஒரு மாதமும் காலை ஐந்து மணிக்குப் பிரார்த்தனை, பிறகு அரை மணி தியானம். ஒருநாளும் தவறவில்லை. வீட்டுக்கு வந்த நாலாம் நாளே விட்டுப்போனது. இப்போது குடிக்குத் திரும்பிவிடுவோமோ என்று பயம்.

மையத்தில் அது நடந்ததற்குப் பாதிக் காரணம் அங்கே அடித்த மணி. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்தார், நீங்களும் எழுந்தீர்கள். வீட்டில் மணியும் இல்லை, பக்கத்துக் கட்டிலும் இல்லை. அதே அளவை அப்படியே வீட்டுக்குத் தூக்கிவந்தால் தாங்காது. அரை மணியை ஐந்து நிமிஷமாக வெட்டுங்கள். காய்ச்சல் வந்தாலும், வெளியூரில் இருந்தாலும், வீட்டில் சண்டை நடந்தாலும் செய்ய முடிகிற அளவு அதுதான்.

வேறு யாராவது இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து பிரார்த்தனை பண்ணிக் குடியை விடுகிறேன் என்று கிளம்பினால், அவருக்கு ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை இல்லாத உருவங்கள் தெரிவது, நேரம் இடம் புரியாமல் பிதற்றுவது என்று உயிருக்கே ஆபத்தான நிலையும் வரலாம். மாலை போட்ட கையோடு நிறுத்துகிறவர்களுக்கும், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்துகிறவர்களுக்கும் வருவது இதேதான். வீட்டில் அதை "சாமி குத்தம்" என்றோ "பேய் பிடிச்சிருக்கு" என்றோ சொல்லி நேரத்தை வீணாக்குவார்கள். முதலில் மருத்துவமனை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி, மருத்துவர் தரும் மாத்திரை. பிரார்த்தனை அதற்குப் பிறகு.

இனி வீட்டில் எப்படிச் செய்வது என்று பார்ப்போம். பிரம்ம முகூர்த்தத்தை விட்டுவிடுங்கள். குடியை நிறுத்திய பிறகு தூக்கம் சீராக வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். இரவு இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்தவர் நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்தால், சாயங்காலம் அசதியும் எரிச்சலும்தான் மிஞ்சும். குடிக்கத் தூண்டுகிற நான்கு என்று பல மறுவாழ்வு மையங்களில் சொல்லிக்கொடுப்பார்கள்: பசி, கோபம், தனிமை, அசதி. அதில் ஒன்றைப் பக்தியின் பேரில் நாமே வரவழைப்பானேன்? ஆறரையோ ஏழோ, தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்தால் போதும். தூக்கத்துக்கும் அதுதான் நல்லது.

வெறும் வயிற்றோடும் உட்கார வேண்டாம். பல் தேய்த்து, முகம் கழுவி, ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவர் சொன்னபடி. மருத்துவர் காலை மாத்திரை எழுதியிருந்தால் அதையும் அப்போதே போட்டுவிடுங்கள். மாத்திரை டப்பாவைச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் ஒன்று மற்றொன்றை ஞாபகப்படுத்தும். அந்த மாத்திரை டைசல்ஃபிராமாக (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை) இருந்தால் அரிஷ்டம், சில இருமல் சிரப் எல்லாமே ஆகாது, அவற்றில் ஆல்கஹால் உண்டு. அந்த மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூடக் குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குடிப்பவருக்குத் தெரியாமல் இந்த மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடுப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், அது உயிரோடு விளையாடுவது.

உட்காருவது நாற்காலியில். பல வருஷக் குடி கால் நரம்பைப் பாதித்திருக்கலாம். பாதம் எரியும், மரத்துப்போகும். சம்மணம் போட்டால் மூன்றாம் நிமிஷமே கவனமெல்லாம் காலுக்குப் போய்விடும். கை நடுங்கினால் தீக்குச்சியோடு போராட வேண்டாம், விளக்கை வீட்டில் வேறு யாராவது ஏற்றட்டும். கண்ணையும் மூடாதீர்கள். ஆரம்ப மாதங்களில் கண்ணை மூடியதும் பழைய அவமானங்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். சிலருக்கு நெஞ்சு படபடக்கும். விளக்குச் சுடரையோ தரையில் ஒரு புள்ளியையோ பார்த்தபடி, நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். பத்து தடவை. இரண்டு நிமிஷம்கூட ஆகாது. எண்ணிக்கை தப்பினால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள், தினமும் தப்பும். மூச்சை உள்ளே அடக்குவது, கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமாக மூச்சுவிடும் பயிற்சிகள் எல்லாம் இப்போது வேண்டாம், வலிப்பு வந்தவருக்கும் ரத்த அழுத்தம் உள்ளவருக்கும் அறவே கூடாது. பத்து நாள் மௌன முகாமுக்கும் இது காலமில்லை.

பிரார்த்தனையில் என்ன கேட்பது? இங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது. "இனிமே ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்வார்கள். சத்தியத்துக்கு முறிவு உண்டு, விரதத்துக்கு முடிவு உண்டு. நாற்பத்தோரு நாள் மாலையில் சொட்டுக்கூடத் தொடாதவர் மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே கடைக்குப் போவதைப் பார்க்காத தெரு உண்டா? 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் இயக்கத்தின் பன்னிரண்டு படிகளில் பதினோராவது படியே பிரார்த்தனையும் தியானமும்தான். 1939-இல் வந்த அவர்களது அடிப்படை நூலில், விழித்ததும் வரப்போகும் இருபத்துநாலு மணி நேரத்தை மட்டும் நினைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கேட்பதும் அந்த அளவுதான் இருக்க வேண்டும்: "இன்னைக்கு ராத்திரி படுக்கிறவரைக்கும் முதல் கிளாஸைத் தொடாம இருக்கணும்." வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அந்த இருபத்துநாலு மணியை நிஜமாகவே ஓட்டிப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே இருப்பேன்? கையில் எவ்வளவு பணம் இருக்கும்? வீட்டுக்குக் கடை இல்லாத ரோடு எது? ஆசை வந்தால் யாருக்கு போன் போடுவேன்? இந்த நாலு கேள்விக்கும் பதில் வந்துவிட்டால் அன்றைய தியானம் முடிந்தது. என் கணக்கில் அரை மணி தாமரை ஆசனத்தைவிட இது பெரிது.

காலை வழிபாட்டை மட்டும் நம்பவும் கூடாது. டாஸ்மாக் திறப்பதே மதியம்தான், பெரும்பாலானவர்களுக்கு ஆபத்து வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில். அதே பத்து மூச்சை அங்கேயும் ஒருமுறை போடுங்கள், பஸ் ஸ்டாப்பில் நின்றபடியேகூட. ஆசை வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல், உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: தொண்டை வறட்சியா, வாயில் எச்சில் ஊறுகிறதா, நெஞ்சு இறுகுகிறதா? அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கிவிடும். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சிகிச்சை முறையாகவே ஆக்கினார். காலையில் பழகிய மூச்சு பயன்படுவது அந்த அரை மணியில்தான்.

"சாமி முன்னாடி நிக்க முகமில்லை" என்பவர்கள் படத்துக்கு எதிரே நிற்கவே வேண்டியதில்லை, மொட்டை மாடியில் நடந்துகொண்டே சொல்லலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் அந்த நாலு கேள்வியை மட்டும் செய்தால் போதும். படிக்க ஏதாவது வேண்டும் என்று குறளின் 93-ஆம் அதிகாரத்தை எடுத்துவிடாதீர்கள். கள்ளுண்ணாமை முழுக்கத் திட்டுதான். நேற்றுவரை குடித்தவருக்கு அது குற்றவுணர்ச்சியைக் கிளறும், குற்றவுணர்ச்சி நேரே கடைக்குக் கூட்டிப்போகும்.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் அதே ஐந்து நிமிஷம், ஈடுகட்டப் பத்து நிமிஷம் வேண்டாம். குடித்தே விட்டாலும் மறுநாள் காலை அதேதான். ஆனால் பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டு நிறுத்துவதென்றால் மேலே சொன்னபடி முதலில் மருத்துவர். வீட்டில் இருப்பவர்கள் "இன்னைக்கு சாமி கும்பிட்டாச்சா?" என்று விசாரணை வைக்காமல் அந்த ஐந்து நிமிஷம் டிவியை அணைத்து வைத்தாலே பெரிய உதவி.

வழிபாட்டு இடத்திலேயே மது இருந்தால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கத்தோலிக்கர்கள் திவ்ய நற்கருணையில் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம், திருச்சபைப்படி அதுவே முழுமையானது. கருப்புக்கோ முனிக்கோ சாராயப் படையல் போடும் குடும்பமாக இருந்தால், முதல் வருஷம் பாட்டில் வாங்குவதையும் திறப்பதையும் படைத்த பிறகு பங்கு போடுவதையும் பங்காளி யாராவது பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் சூடம் காட்டும்போது மட்டும் போய் நின்று, திருநீறு வாங்கிக்கொண்டு, பங்கு பிரிக்கத் தொடங்கும் முன்னே கிளம்பிவிடுங்கள்.