மூக்கை விடுங்க, அந்த கடவாப்பல்லை கவனிங்க

கேள்வி: டாக்டர், எனக்கு 23 வயசு, திருவையாறு பக்கம். ஒரு ஆப்ல செல்ஃபி போட்டா கோல்டன் ரேஷியோவுக்கு 64 சதவீதம்தான் பொருந்துது, மூக்கு அகலம், இடது தாடை பெருசுன்னு காட்டுது. வீட்ல வரன் பாக்குறாங்க. மூக்கு ஆபரேஷன் பண்ணிக்கலாமா? (வலது கடவாப்பல் சொத்தை, ரொம்ப வருஷமா இடது பக்கம்தான் மெல்லுறேன்.)

பதில்: மொதல்ல போனை தள்ளி வைங்கம்மா. ஒரு அடி தூரத்துல வச்சு எடுத்தா, அஞ்சடி தள்ளி எடுக்குறதை விட மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமா தெரியும்னு 2018லயே அமெரிக்க டாக்டருங்க கணக்கு போட்டு காட்டிட்டாங்க, அந்த படத்தை வச்சுதான் ஆப் உங்களுக்கு மார்க் போடுது.

கோல்டன் ரேஷியோன்னா 1.618ங்கற விகிதம், கணக்குல பழைய விஷயம்தான், யூக்ளிட் காலத்துலேர்ந்தே இருக்கு. அதை வச்சு அழகான முகம் இப்படித்தான் இருக்கணும்னு கோடு போட்டு ஒரு மாஸ்க் வரைஞ்சவரு ஸ்டீபன் மார்குவார்ட்னு ஒரு அமெரிக்க தாடை சர்ஜன், அது வெள்ளைக்கார மாடல்களுக்குதான் ஒத்துவரும்னு மத்த டாக்டருங்களே எழுதியிருக்காங்க. 2010ல ஒரு ஆராய்ச்சி, அதுவும் வெள்ளைக்கார பொண்ணுங்க படம்தான், கண்ணுக்கும் வாய்க்கும் உள்ள தூரம் முக நீளத்துல 36 சதவீதம் இருந்தா பாக்குறவங்களுக்கு புடிக்குதுன்னு வந்துச்சு, அது சராசரி முகத்தோட அளவு, 1.618 இல்ல. நம்ம சுவாமிமலை ஸ்தபதிங்க தென்னை ஓலையை மடிச்சு அளவு எடுக்குறாங்களே, அவங்க தாளக் கணக்குல (சிலைக்கு அளவு பிரிக்குற முறை) கூட எல்லா தெய்வத்துக்கும் ஒரே அளவு கிடையாது.

நீங்க பிராக்கெட்ல போட்டீங்க பாருங்க, எனக்கு அதுதான் முக்கியம். வருஷக்கணக்கா ஒரே பக்கம் மென்னா அந்தப் பக்கத்து மெல்லுற தசை தடிச்சு தாடை பெருசா தெரியலாம். பல்லை கடிச்சுக்கிட்டு ரெண்டு கன்னத்துலயும் கை வச்சு பாருங்க, இடது பக்கம் கட்டியா திமிறிக்கிட்டு வருதான்னு. தஞ்சாவூர் மெடிக்கல்ல பல் டாக்டரை பாத்து எக்ஸ்ரே எடுத்துடுங்க. சொத்தை சரியாகி ரெண்டு பக்கமும் மெல்ல ஆரம்பிச்சா தசை கொறைய வாய்ப்பு இருக்கு, ஆனா மாசக்கணக்குல ஆகும். வீக்கம் வலியோட சீக்கிரமா பெருசானா காத்திருக்காதீங்க. முகம் திடீர்னு ஒரு பக்கம் கோணுச்சுன்னா அது வேற விஷயம், உடனே 108.

மூக்குல மூச்சு அடைப்பு இருந்தா இஎன்டி டாக்டர்கிட்ட காட்டுங்க, இல்லேன்னா ஆப் மார்க்குக்காக கத்தி வைக்க நான் சொல்ல மாட்டேன். பல்லை புடுங்கிடலாம்னு யாராச்சும் அவசரப்படுத்துனா ரூட் கேனால் பண்ணி காப்பாத்த முடியுமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.