எட்டு நாளில் இலங்கையைச் சுற்றலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஓகஸ்ட் விடுமுறையைப் பற்றியவை. பதினாறு வருடம் திருகோணமலையில் பாடசாலை வான் ஓட்டியவன் நான். ஓட்டத்தை விட்ட பிறகு அதே டொல்பின் வானில் பலகை அடித்து, மெத்தை போட்டு, விடுமுறைக்கு விடுமுறை குடும்பத்தோடு வெளிக்கிடத் தொடங்கினேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணை, எங்களுக்கு மூன்று பிள்ளைகள். பதினான்கு, பத்து, ஐந்து வயது. நடுவிலாள் இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறாள். அது முடிந்த கையோடு ஒரு கேம்பர் வான் வாடகைக்கு எடுத்து, யாழ்ப்பாணம், மன்னார், கொழும்பு, காலி, கதிர்காமம், மட்டக்களப்பு என்று எட்டு நாளில் இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று இவர் சொல்கிறார். மாமியும் வருவார். எனக்குப் பயமாக இருக்கிறது. இது நடக்கிற காரியமா?
— உவர்மலையிலிருந்து ஒரு தாய்

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. முதலில் கணக்கைப் பாருங்கள். அவர் சொல்கிற சுற்று 1,200 கிலோமீற்றருக்குக் குறையாது. எங்கள் வீதிகளில், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மணிக்கு 40 கிலோமீற்றர் சராசரி வந்தாலே நல்ல ஓட்டம். ஆக, 30 மணித்தியாலம் வெறும் ஓட்டத்துக்கே போய்விடும். எட்டு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு நாலு மணித்தியாலம் கிட்ட. கடதாசியில் பெரிதாகத் தெரியாது. ஆனால் சின்னவருக்குச் சத்தி வந்தால் ஒரு தரிப்பு, மாமி கால் நீட்ட ஒரு தரிப்பு, சாப்பாட்டுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று. காலை எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் போய்ச் சேரப் பின்னேரம் மூன்று, நாலு ஆகும். அதன் பிறகு இடம் பார்க்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், படுக்கை விரிக்க வேண்டும். அந்த வேலையெல்லாம் யாருடைய தலையில் விழும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் பயப்படுகிறீர்கள்.

இந்தப் பிழையை நானும் செய்தேன். எங்கள் முதல் பயணம் ஐந்து இரவு, ஐந்து ஊர். நாலாம் நாள் பொழுதுபடுகிற நேரம் குருநாகலைத் தாண்டிக்கொண்டிருந்தோம். பின்னால் இருந்த சின்ன மகள், "அப்பா, நாங்கள் எப்ப இறங்கி விளையாடுறது?" என்று கேட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். மண் அள்ளி விளையாட என்று வாங்கிக் கொடுத்த சிவப்பு வாளியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வெளிக்கிட்ட நாளிலிருந்து அந்த வாளிக்குள் ஒரு பிடி மணல் விழவில்லை. அன்றைக்கு எடுத்த முடிவைத்தான் இன்றுவரை மாற்றாமல் வைத்திருக்கிறேன்: ஒரு நாளில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம் இல்லை, ஓரிடத்தில் இரண்டு இரவுக்குக் குறையத் தங்குவதில்லை.

அதுவும் ஓகஸ்டில் ஏன் மேற்கே போக வேண்டும்? தென்மேற்குப் பருவக்காற்றில் காலிப் பக்கக் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளை இறக்க முடியாது. எங்கள் கிழக்குக் கடலோ அந்த நேரம் குளம் மாதிரிக் கிடக்கும். கொழும்பிலிருந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக இங்கே வருகிற மாதத்தில் நாங்கள் அங்கே ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காலியை டிசம்பருக்கு வையுங்கள். வாடைக்காற்றில் எங்கள் கடல் குழம்பிக் கிடக்கும் போது அந்தக் கடல் அமைதியாகிவிடும்.

உங்கள் எட்டு நாளுக்கு நான் சொல்வது இதுதான். முதல் இரண்டு இரவு நிலாவெளி. வீட்டிலிருந்து அரை மணித்தியாலம் கூட இல்லையே என்று அவர் சொல்வார். அந்தக் கிட்டத்துக்காகத்தான் சொல்கிறேன். எதை மறந்தோம், எது உடைகிறது, யாருக்கு நித்திரை வரவில்லை என்பதெல்லாம் முதல் இரவில்தான் தெரியவரும். மறந்த சாமானை ஓடிப்போய் எடுத்து வரலாம். இரண்டாம் நாள் விடிய, சனம் கூடுவதற்கு முன்னமே, புறாமலைக்குப் படகு எடுங்கள். 2003 முதல் அது தேசியப் பூங்கா. அனுமதிச் சீட்டு எடுத்துத்தான் போக வேண்டும். ஐந்து வயதுக்காரருக்கு அளவான உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுங்கள். முருகைக் கல்லின் மேல் காலை வைக்க வேண்டாம் என்று மூத்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது உயிருள்ளது, மிதித்தால் செத்துவிடும்.

பிறகு மட்டக்களப்பு வீதி. கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது வானை மெதுவாக விடச் சொல்லுங்கள். 396 மீற்றர் நீளம். 2009 இல் திறந்தார்கள். அதற்கு முன் மிதவைப் பாதையில் ஏறிக் கடந்த காலம் மாமிக்கு நினைவிருக்கும். வாகனமும் சனமும் சைக்கிளும் ஒரே மிதவையில் நெருக்கிக்கொண்டு நின்ற கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு அவர் சொல்லட்டும். மூதூர் தாண்டி வெருகலில் ஆற்றங்கரை முருகனைக் கும்பிட்டுவிட்டு, வாகரை வழியாகப் பாசிக்குடா. அங்கே மூன்று இரவு. கடல் நெடுந்தூரம் இடுப்பளவுக்குத்தான் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் நான் காணவில்லை. கடைசி இரண்டு இரவு மட்டக்களப்பு. திரும்பி வருகிற அன்று வீட்டுக்குப் போக முதல் கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணற்றிலும் ஏழு விதச் சூடு. பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்க்கட்டும். மாமி ஆறுதலாக முழங்காலுக்கு வார்த்துக்கொள்ளட்டும்.

வாடகைக்கு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எத்தனை பேர் படுக்கலாம் என்றுதான் விளம்பரத்தில் போடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது பெல்ட் போட்டு இருக்க எத்தனை ஆசனம் என்று. உங்களுக்கு ஆறு வேண்டும். ஓடுகிற வானில் பிள்ளையைப் படுக்கையில் கிடத்தாதீர்கள். ஒரு தடவை பிரேக் அழுத்தினால் பிள்ளை பறந்து வந்து முன்னால் அடிபடும். ஒருமுறை உறவுக்காரர் ஒருவருக்காக வாடகை வான் ஒன்றைப் பார்க்கப் போனேன். நாலு ரயரும் புதுசாக மினுங்கின. மேலதிக ரயரைக் கழற்றிப் பார்த்தால் கம்பி தெரிந்தது. அதனால் அந்த ரயரையும் ஜக்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஆறு பேர் ஒரு வானில் படுக்கலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். மாமிக்கும் நடுவிலாளுக்கும் விருந்தினர் விடுதியில் ஓர் அறை எடுங்கள். வானை அதே வளவில் நிறுத்தி மற்றவர்கள் படுங்கள். கழிப்பறை, கிணறு, வெளிச்சம் எல்லாம் அதோடு கிடைக்கும். இப்படிச் செய்தால் மாமி அடுத்த வருடமும் வருவார்.

கேள்வி: இலண்டனில் இருக்கும் என் அண்ணா குடும்பம் பாடசாலை விடுமுறைக்கு வருகிறது. அவர்கள் அங்கே கேம்பர் வானில் ஸ்கொட்லாந்து எல்லாம் போனவர்கள். இங்கேயும் கண்ட இடத்தில் நிறுத்திப் படுக்கலாம் என்று நினைக்கிறார்கள். என்ன சொல்வது?
— உப்புவெளி வாசகர்

பதில்: அங்கே வானுக்கென்றே வளவுகள் இருக்கின்றன. மின்சாரம் கொழுவிக்கொள்ளலாம், தண்ணீர் நிரப்பலாம், கழிப்பறைத் தொட்டியைக் கொட்ட இடம் இருக்கும். இங்கே அப்படி ஊருக்கு ஊர் கிடையாது. அதனால் கழிப்பறை இருக்கிற இடத்தை முதலில் பிடித்துவிட்டு, மற்றதை அதன்படி யோசியுங்கள். விடுதி வளவு நல்லது. கோயில் மடத்தில் கேட்டால் சில இடங்களில் விடுவார்கள். அங்கே மச்சம் சமைக்கக் கூடாது என்று அண்ணாவிடம் முதலே சொல்லிவையுங்கள். இரசாயனத் தொட்டியோடு வான் எடுத்தால் அதைக் கடலிலோ பற்றையிலோ கொட்ட விடாதீர்கள்.

கடற்கரை மணலில் இரவு நிறுத்துவதை நான் விரும்பவில்லை. இராணுவ, கடற்படை முகாம்களுக்குக் கிட்ட நின்றால் நடுச்சாமத்தில் எழுப்பி விசாரிப்பார்கள். கரைவலை இழுக்கிற இடத்தில் நின்றால் விடியற்காலையில் தொழிலாளர்களுக்கு இடைஞ்சல். பாரமான வான் பூமணலில் புதைந்தால் வெளியே எடுக்க உழவு இயந்திரம்தான் வர வேண்டும். வாடிக்காரரிடம் கேளுங்கள், எங்கே தரை இறுக்கம் என்று அவர்கள் காட்டுவார்கள்.

அப்புறம், ஹபரணை வீதியில் இருட்டின பிறகு ஓடக்கூடாது என்பதைச் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஐந்தரை மணி இருக்கும். கந்தளாய்க்கு இந்தப் பக்கம் முன்னால் போன பஸ் நின்றது. நானும் நிறுத்தினேன். இடப்பக்கப் பற்றைக்குள் இருந்து ஒரு கொம்பன் வந்து வீதி ஓரத்தில் நின்றது. காது விசிறுவது நின்றது. தும்பிக்கை நுனி எங்கள் பக்கம் திரும்பியது. என் ஆசனத்துக்குப் பின்னால் ஒரு சீப்பு வாழைப்பழம். மனைவி சத்தம் போடாமல் அதைப் போர்வைக்குள் சுருட்டிக் கண்ணாடியை ஏற்றினாள். பஸ்காரர் ஹோர்ன் அடிக்கவில்லை, லைற் அடிக்கவில்லை. ஏழெட்டு நிமிடம் அப்படியே இருந்தோம். அது தானாகக் கடந்து போனது. பகலிலும் யானை வரும், ஆனால் தூரத்திலேயே கண்டு நிற்கலாம். இரவில் அதன் கறுப்பும் இருட்டும் ஒன்றுதான்.

இங்கிலாந்து உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது. உரிய அனுமதியை எடுத்த பிறகு அண்ணா ஸ்ரீயரிங்கைப் பிடிக்கட்டும்.

கேள்வி: கச்சான் காற்றுக் காலத்து வெக்கையில் வானுக்குள் எப்படிப் படுப்பது? எஞ்சினை ஓட விட்டு ஏசி போடலாமா? காஸ் அடுப்பு வைக்கலாமா?
— தம்பலகாமத்திலிருந்து ஒரு தந்தை

பதில்: எஞ்சினை ஓட விட்டுப் படுக்கவே படுக்காதீர்கள். புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது. மணமில்லை, நிறமில்லை. பூட்டிய வானுக்குள் அது சேர்ந்தால் நித்திரையிலேயே உயிர் போய்விடும். கெஞ்சிக் கேட்கிறேன், ஒரு மணித்தியாலம் என்றாலும் வேண்டாம்.

எங்கள் வானில் இருப்பது இரண்டு 12 வோல்ற் காற்றாடி. ஒவ்வொன்றும் 15 வாற். எட்டு மணித்தியாலம் இரண்டும் ஓடினால் 240 வாற் மணி. 100 ஆம்பியர் மணி ஈய அமில பற்றரி ஒன்றில் 1,200 வாற் மணி இருக்கும். பாதிக்கு மேல் எடுத்தால் பற்றரி கெடும். ஆகவே 600 என்று வையுங்கள். காற்றாடி, விளக்கு, போன் எல்லாவற்றுக்கும் தாராளம். குளிர்பெட்டி கொழுவினால்தான் சோலர் தகடு வேண்டும். ஐஸ் கட்டியோடு ஒரு ரெஜிபோம் பெட்டியே எங்களுக்குப் போதும்.

கதவைத் திறந்துவைத்தால்தான் காற்று வரும்; திறந்தால் நுளம்பு வரும். மனைவி பழைய நுளம்பு வலையை வெட்டி, ஓரத்துக்கு வெல்குரோ தைத்து, பக்கக் கதவுக்கு ஒரு திரை செய்தாள். கீழ் ஓரத்தில் மடிப்புக்குள் கூழாங்கல் போட்டுத் தைத்திருக்கிறாள், காற்றுக்குப் பறக்காமல் இருக்க. வானில் நாங்கள் செலவழித்ததில் ஆகக் குறைந்த காசும் அதற்குத்தான், ஆகப் பெரிய பயனும் அதால்தான்.

காஸ் என்றால் 2.3 கிலோ சின்னச் சிலிண்டர் போதும். அடுப்பை வெளியே வைத்து எரியுங்கள். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரம். கசிந்தால் வானின் தரையில் படிந்து நிற்கும், நிற்கிறவர் மூக்குக்குத் தெரியாது. சமைத்து முடிந்ததும் சிலிண்டர் வாயை மூடுங்கள். சவர்க்கார நுரை பூசி மூட்டுகளைப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

கேள்வி: எனக்கு 12 வயது. விடுமுறையில் வானில் பயணம் போகிறோம். போன் கொண்டு வரக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அங்கே எனக்கு என்ன வேலை இருக்கும்?
— பாலையூற்றிலிருந்து ஒரு மாணவன்

பதில்: தம்பி, நிறைய வேலை இருக்கிறது. தண்ணீர்ப் பொறுப்பை நீ எடு. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மூன்று லீற்றர் என்று கணக்குப் போட்டு, கான் எத்தனை நிரப்ப வேண்டும் என்று ஒவ்வொரு பின்னேரமும் அப்பாவிடம் சொல். வானை நிறுத்தியதும் பாதித் தண்ணீர் உள்ள போத்தலைப் படுக்கைப் பலகையில் கிடத்திப் பார். தண்ணீர் ஒரு பக்கம் ஓடினால் வான் சரிந்து நிற்கிறது. தாழ்ந்த சில்லுக்குக் கீழே பலகை வைக்கச் சொல். வெளிக்கிட முதல் காஸ் மூடியாயிற்றா, அலுமாரிக் கொளுக்கி போட்டாயிற்றா, செருப்பு எல்லாம் உள்ளே வந்ததா என்று பார்ப்பதும் நீதான். கிலோமீற்றரையும் டீசலையும் ஒரு கொப்பியில் எழுதி வா. லீற்றருக்கு எவ்வளவு ஓடியது என்று பயணம் முடியப் பிரித்துப் பார்க்கலாம்.

நிலாவெளிப் பக்கம் தங்கினால் விடிய எழும்பிக் கரைக்குப் போ. கரைவலை இழுக்கிறவர்கள் சின்னப் பிள்ளைகளையும் கூப்பிடுவார்கள். கயிறு உள்ளங்கையை உரிக்கும். பழைய சாரத் துண்டு ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு பிடி.