ராபர்ட் ஸ்மால்ஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ராபர்ட் ஸ்மால்ஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அடிமையாக இருந்தவர் எதிரியின் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பியது மெய்சிலிர்க்க வைத்தது. ஆனால் தேடிப் பார்த்தபோது, பிறகு அவர் அரசியலுக்குப் போய், லஞ்ச வழக்கில் தண்டனையும் பெற்றார் என்று தெரிந்தது. கப்பலோடு நின்றிருந்தால் பெயராவது மிஞ்சியிருக்குமே?

எம்.

அன்புள்ள எம்.,

கப்பல் கதை யாருக்குத்தான் பிடிக்காது? 1862 மே 13, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகம், விடிவதற்கு முன். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் படைக்கு ஓடிக்கொண்டிருந்த பிளாண்டர் கப்பலின் வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரைக்குப் போயிருந்தார்கள். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, சரியான ஊதல் சைகையைக் கொடுத்து, துறைமுகத்தைக் காத்த சம்டர் கோட்டையின் பீரங்கிகளைத் தாண்டி, வெளியே நின்ற வடக்குப் படையிடம் கப்பலைக் கொண்டுபோனார் ஸ்மால்ஸ். வயது 23. மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ளே இருந்தார்கள். பிடிபட்டிருந்தால் உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் ஆறு வருடம் கழித்து அதே சார்ல்ஸ்டன் நகரில் அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பது 1740 முதலே குற்றம்; 1834 முதல் படிக்கச் சொல்லிக்கொடுப்பதும் குற்றம். அந்தத் துறைமுகத்தின் மணல்திட்டுகளை எல்லாம் அறிந்த மனிதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1864இல் பிளாண்டரைப் பழுதுபார்க்க பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோனார். கப்பல் அங்கே நின்ற மாதங்களில்தான் ஆசிரியர் வைத்துப் படித்தார். 1868இல் மாநில அரசியல் சாசன மாநாட்டில் அவர் கொண்டுவந்த தீர்மானம் என்ன தெரியுமா? எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச, கட்டாயக் கல்வி. ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். அது சாசனத்தில் ஏறியது. அதே வருடம் மாநிலக் கீழவைக்கும், 1870இல் மேலவைக்கும் போனார். மாநிலப் படையில் மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தார். பின்னால் அமெரிக்க காங்கிரஸிலும் இருந்தார்.

சரி, லஞ்ச வழக்கு. அரசின் அச்சு வேலைக் குத்தகை ஒன்றுக்காக 5,000 டாலர் வாங்கினார் என்று 1877இல் தீர்ப்பு. அவர் கடைசிவரை மறுத்தார். வழக்கு வந்த நேரத்தைப் பாருங்கள். கறுப்பின மக்களின் வாக்குரிமையை எதிர்த்தவர்கள் ஆட்சியைப் பிடித்த கையோடு பழைய தலைவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். முக்கியச் சாட்சியே அந்த அச்சு விவகாரத்தில் சிக்கியிருந்தவர். 1879இல் மன்னிப்பு கொடுத்தபோதுகூட அது பேரம்தான்: பதிலுக்கு, ஆட்சியைப் பிடித்தவர்களின் கட்சிக்காரர்கள் மேல் இருந்த தேர்தல் முறைகேட்டு வழக்குகள் கைவிடப்பட்டன. இப்படி வந்த தீர்ப்பை வைத்து ஒரு வாழ்க்கையை எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

என்னை உலுக்குவது 1895தான். சாசனத்தை மாற்றி எழுத மறுபடி மாநாடு கூட்டினார்கள். கறுப்பினப் பிரதிநிதிகள் ஆறே பேர். ஸ்மால்ஸ் அதில் ஒருவர். சாசனத்தின் எந்தப் பகுதியைக் காட்டினாலும் வாசிக்கவும் எழுதவும் வேண்டும், இல்லையென்றால் 300 டாலர் சொத்து வேண்டும், அப்போதுதான் ஓட்டு என்று விதி வந்தது. வாசித்தது சரியா தப்பா என்று தீர்மானிப்பவர் பதிவு அதிகாரி. தலைமுறை தலைமுறையாக எழுத்தைப் பறித்து வைத்திருந்தவர்கள், பள்ளிக்கூடம் கேட்டு வாங்கிய மனிதரின் முன்னாலேயே எழுத்தை வைத்து ஓட்டைப் பறித்தார்கள். அவர் எதிர்த்துப் பேசினார். தோற்றார். அந்தச் சாசனத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

கப்பலோடு நின்றிருக்கலாம் என்கிறீர்கள். அதில் தப்பியவர்கள் மொத்தம் 16 பேர். மற்றவர்களுக்காக அவர் போக வேண்டிய இடம் சட்டமன்றமாகத்தான் இருந்தது. 1895 மாநாட்டில் அவர் பேசியவை அச்சில் வந்திருக்கின்றன. தேடிப் படியுங்கள், படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.