ஆயருக்கு எந்தத் தேதியில் தெரிந்தது?

வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் நான். ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டதில்லை. குருக்கள் சிலர் செய்த பாலியல் குற்றங்களை டிவியிலும் பத்திரிகையிலும் வருஷக்கணக்காகக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள், ஆயர்கள் எடுத்த நடவடிக்கை மட்டும் வருவதில்லை. திருச்சபை மீது ஊடகங்களுக்கு வன்மம் என்றுதானே அர்த்தம்?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் வன்மம் என்று முடிவு கட்டும் முன் இந்தச் செய்தி எங்கிருந்து கிளம்பியது என்று பாருங்கள். அமெரிக்காவின் லூசியானாவில் கில்பர்ட் கோத்தே என்ற குரு மீதான வழக்கையும், அதேபோல வேறு மறைமாவட்டங்களில் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதிகளில்) நடந்தவற்றையும் 1985-லேயே விரிவாக எழுதியது நேஷனல் கத்தோலிக் ரிப்போர்ட்டர். கத்தோலிக்கர்களே நடத்தும் பத்திரிகை அது. அன்றே ஆயர்கள் காது கொடுத்துக் கேட்டிருந்தால் எத்தனையோ பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள்.

அப்புறம்தான் பாஸ்டன். 2002 ஜனவரி 6 அன்று பாஸ்டன் குளோப் நாளிதழ் ஜான் கெகன் என்ற குருவைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. சிறு வயதில் அவரால் சீரழிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 130 பேருக்கு மேல். அந்தச் செய்தியாளர்கள் எதை வைத்துத் தேடினார்கள் தெரியுமா? மறைமாவட்டமே ஆண்டுதோறும் அச்சிட்ட கையேடுகளை வைத்துத்தான். எந்தக் குரு எந்தப் பங்கில் (உள்ளூர்த் திருச்சபையில்) இருக்கிறார் என்ற விவரம் அதில் இருக்கும். ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு வருஷம் வருஷமாகப் புரட்டிக்கொண்டே வந்தால், சிலருக்கு நடுவில் பங்கின் பெயர் காணாமல் போய் 'மருத்துவ விடுப்பு' என்றோ 'நியமனத்துக்குக் காத்திருக்கிறார்' என்றோ வரும், பிறகு வேறொரு பங்கில் அதே பெயர் முளைக்கும். முத்திரையிட்டு வைத்திருந்த நீதிமன்ற ஆவணங்களைத் திறக்கச் சொல்லியும் அந்தப் பத்திரிகை மனுப் போட்டது, நீதிபதி ஒப்புக்கொண்டார்.

அந்த ஆவணங்களில் என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஏழு சிறுவர்களுக்காக அவர்களின் உறவுக்காரப் பெண் ஒருவர் 1982-ல் அன்றைய கர்தினாலுக்கு எழுதிய கடிதம். புதிதாக வந்த பேராயர் (பிறகு கர்தினால்) பெர்னார்ட் லாவுக்கு, கெகனைப் புதிய பங்குக்கு அனுப்பியது சரிதானா என்று கேட்டு, அவருடைய துணை ஆயர் ஒருவரே 1984 டிசம்பரில் எழுதிய கடிதம். 1996-ல் கெகன் ஓய்வு பெற்றபோது அதே லா அவருக்கு எழுதிய கடிதம் ஒன்றும் உண்டு. பயனுள்ள ஊழிய வாழ்வு உங்களுடையது, நோய்தான் அதற்கு இடையூறாகிவிட்டது என்று நன்றி சொல்கிறார். இத்தனை நாள் கழித்தும் என்னால் இதை அமைதியாகப் படிக்க முடியவில்லை. இதில் பத்திரிகைக்காரர்கள் தூவிய உப்பும் காரமும் எங்கே இருக்கிறது? எல்லாம் ஆயர் இல்லத்துக்கு வந்த, அங்கிருந்து போன தாள்கள். லா 2002 டிசம்பரில் பதவி விலகினார். 2004-ல் ரோமின் பெரிய பேராலயங்களில் ஒன்றான சாந்தா மரியா மஜோரேயின் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

சரி, உங்கள் இரண்டாவது புகாரில் நியாயம் இருக்கிறது. 2002 ஜூனில் அமெரிக்க ஆயர்கள் டாலஸில் கூடிச் சிறார் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தார்கள். ஜான் ஜே கல்லூரியிடம் ஓர் ஆய்வையும் ஒப்படைத்தார்கள். 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள் மீது, 10,667 பேர் சார்பில் புகார்கள் வந்ததாக 2004-ல் வெளியான அந்த ஆய்வுதான் சொன்னது. குற்றங்கள் 1970-களை ஒட்டி உச்சத்தில் இருந்து பிறகு குறைந்ததும் அதிலேயே தெரிந்தது. இந்தக் கடைசி விஷயம் செய்திகளில் அபூர்வமாகத்தான் தென்படுகிறது, அது தவறுதான்.

கேள்வி: 2010-ல் திருத்தந்தை பெனடிக்டை ஊடகங்கள் குறிவைத்துத் தாக்கியது அநியாயம் இல்லையா?

பதில்: ஓரளவுக்கு அநியாயம். இந்த வழக்குகளையெல்லாம் ரோமுக்கு அனுப்ப வேண்டும் என்று 2001-ல் ஆணை வந்தபோது அவற்றைக் கையில் எடுத்தது அப்போது கர்தினாலாக இருந்த அவர் தலைமையில் இயங்கிய விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் என்ற வத்திக்கான் துறை. பாலியல் குற்றச்சாட்டுக்கு ஆளான, செல்வாக்கு மிக்க மெக்சிகோ குருவான மார்சியால் மசியேலை 2006-ல் பொது ஊழியத்திலிருந்து ஒதுக்கியதும், 2008-ல் அமெரிக்கா போனபோது பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்ததும் அவர்தான். பல கட்டுரைகள் இதை ஒரு வரியில் தாண்டிப் போயின.

ஆனால் அந்த ஆண்டு அவருக்கு அதிகக் கெடுதல் செய்தது அவரைக் காப்பாற்ற வந்தவர்கள். பெரிய வெள்ளி மறையுரையில், திருத்தந்தை மீதான விமர்சனத்தை யூதர்கள் மீதான வெறுப்போடு ஒப்பிட்ட கடிதம் ஒன்று வாசிக்கப்பட்டது, பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. ஈஸ்டர் அன்று புனித பேதுரு சதுக்கத்தில் கர்தினால் சொதானோ இதையெல்லாம் வெறும் வம்புப் பேச்சு என்றார். மறுநாள் தலைப்புச் செய்தி அதுதான், வேறு எது வரும்? மே மாதம் போர்த்துக்கல்லுக்குப் போகும் விமானத்தில் பெனடிக்டே, திருச்சபைக்கு வரும் மிகப் பெரிய துன்பம் வெளியில் உள்ள எதிரிகளிடமிருந்து வரவில்லை, உள்ளே இருக்கும் பாவத்திலிருந்து பிறக்கிறது என்று சொன்னார். சுற்றி இருந்தவர்களைவிட அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

அதற்காக அவர் ஏட்டில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் மூனிக் பேராயராக இருந்த காலத்தில் நான்கு வழக்குகளில் தவறு நடந்ததாக 2022-ல் வந்த அறிக்கை சொன்னது. குற்றம் செய்த குரு ஒருவரை மூனிக்குக்கு ஏற்பது பற்றி 1980 ஜனவரியில் நடந்த ஒரு கூட்டத்தில் தான் இல்லை என்று முதலில் சொன்னவர், இருந்தேன் என்று பிறகு திருத்திக்கொண்டார்.

இதுபோன்ற செய்தியைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: அந்த ஆயருக்கு எந்தத் தேதியில் தெரிந்தது, மறுநாள் என்ன செய்தார்? இதற்குப் பதில் இருக்கும் செய்தி எவ்வளவு கசந்தாலும் படிப்பேன். பதில் இல்லாமல் படமும் ஆவேசமும் மட்டும் இருந்தால் ஒதுக்கிவிடுவேன்.

கேள்வி: கர்தினால் ஜார்ஜ் பெல் குற்றமற்றவர் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதே, அவரைத் தூற்றியவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

பதில்: 2020 ஏப்ரல் 7 அன்று ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகளும் ஒருமித்து, சிறார் பாலியல் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தார்கள். அவர் செய்தார் என்று உறுதியாக எழுதியவர்கள் அதைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும், இதில் இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் தலைவராக அவர் நடந்துகொண்ட விதம் வேறு விஷயம். குருக்கள் சிறுவர்களிடம் தவறாக நடப்பது 1973-லேயே அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரச விசாரணை ஆணையம் முடிவுக்கு வந்தது. அவர் அதை ஏற்கவில்லை. ஒன்றில் விடுதலை ஆனதால் மற்றதும் கழிந்துவிட்டது என்று சொல்லக் கூடாது, மற்றதை வைத்து முதலாவதில் அவரைக் குற்றவாளி ஆக்கவும் கூடாது.

கேள்வி: பென்சில்வேனியாவில் 300 குருக்கள் என்று செய்தி வந்ததே, இப்போதும் அப்படியா நடக்கிறது?

பதில்: இல்லை. 2018 ஆகஸ்டில் வந்த அந்த கிராண்ட் ஜூரி (பொதுமக்கள் அடங்கிய விசாரணைக் குழு) அறிக்கை ஆறு மறைமாவட்டங்களில் ஏறத்தாழ 70 ஆண்டுகளைப் பார்த்தது. 70 ஆண்டுகள் என்பதைத் தலைப்பில் போடாமல் விட்டால் நீங்கள் நினைத்த மாதிரிதான் எல்லோரும் நினைப்பார்கள். பழைய கதை என்று தள்ளவும் முடியாது. அன்று பத்து வயதாக இருந்தவர் இன்றும் அதோடுதான் வாழ்கிறார்.

கேள்வி: திருத்தந்தை பிரான்சிஸ் மட்டும் ஊடகங்களிடம் நல்ல பெயர் வாங்கியது எப்படி?

பதில்: அவரும் சறுக்கியவர்தான். 2018 ஜனவரியில் சிலியில், ஒரு குருவின் குற்றங்களை மூடி மறைத்ததாகப் புகாருக்கு ஆளான ஆயர் பாரோஸ் பற்றிக் கேட்ட செய்தியாளரிடம், ஆதாரம் எதுவும் இல்லை, எல்லாம் அவதூறு என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார். பாதிக்கப்பட்டவர் ஒருவரின் 8 பக்கக் கடிதம் 2015-லேயே அவருக்குக் கொடுத்தனுப்பப்பட்டது என்ற செய்தி அடுத்த மாதமே வந்தது. பேராயர் ஷிக்லூனாவை அனுப்பி விசாரித்த பிறகு, ஏப்ரலில், நான் பெரும் தவறு செய்துவிட்டேன் என்று எழுதினார், அவதூறு என்று தள்ளியவர்களையே வரவழைத்து மன்னிப்புக் கேட்டார். மே மாதம் சிலி ஆயர்கள் எல்லோரும் பதவி விலக முன்வந்தார்கள். செய்தியாளர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? 2021 நவம்பரில், குறைகளைத் தரைவிரிப்புக்கு அடியில் தள்ளிவிடாமல் இருக்க உதவியதற்கும் பாதிக்கப்பட்டவர்களுக்குக் குரல் கொடுத்ததற்கும் அவரே செய்தியாளர்களுக்கு நன்றி சொன்னார்.

கேள்வி: (பெயர் வேண்டாம் என்றவர்) எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தது. வெளியே சொன்னால் சபைக்கு இழுக்கு, பத்திரிகைக்காரர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பெரியவர்கள் வாயை அடைக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் போலீஸிடம் போங்கள். அந்தப் பிள்ளையிடம் நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அதைத் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அப்புறம் மறைமாவட்டத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், தேதி போட்டு, ஒரு பிரதி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் வந்த திருச்சபைச் சட்டப்படி புகார் பெற ஒவ்வொரு மறைமாவட்டமும் வழி செய்திருக்க வேண்டும், புகார் கொடுத்தவரை இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் கட்டுப்படுத்த முடியாது. உங்களை வாயடைக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் கொடுக்கும் அந்தத் தாளில் இருக்கும் தேதிதான், ஆயருக்குத் தெரிந்த தேதி.